ஏரியலைப் பிடித்த கிராணி

1985இல் பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். ஆபீசுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களைப் படித்துச் சொல்கிறவன் நான்தான். அதனால் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நானே நம்பியிருந்தேன்.

எங்கள் டிவியின் முதுகில் ஒயர் செருக ஒரே ஒரு துளை. செருக வேண்டியவையோ மூன்று: கூரைமேல் நிற்கும் ஏரியல், புதிதாக வாங்கிய, டேப் போட்டுப் பார்க்கும் வீடியோ, பிள்ளைகளுக்கு என்று சொல்லி பினாங்கில் எனக்காக வாங்கிய டிவி கேம். தினமும் ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகிக்கொண்டிருந்தோம்.

என் தங்கை ஜேனின் கல்யாண டேப் ஜித்ராவிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பார்க்க வரச்சொல்லி தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேரை அழைத்துவிட்டேன். அதற்குள் மூன்றையும் ஒன்றாக இணைத்துக் காட்டி அசத்திவிட ஆசை.

"வீடியோவோட புத்தகம் குடுத்திருக்கானே, படிச்சுப் பாருங்களேன்," என்றாள் மனைவி லூர்து மேரி.

"எனக்கா? சும்மா இரு லா."

கூட்டம் வந்து உட்கார்ந்தது. டேப் சுற்றியது, திரையில் வெறும் புள்ளிகள். ஒயர்களை மாற்றி மாற்றிச் செருகினேன். புள்ளிகள் இன்னும் பெருகின. எல்லாரும் என் முதுகையே பார்ப்பது தெரிந்தது.

"ஏரியல் திரும்பியிருக்கு," என்று அறிவித்துவிட்டு ஏணி வைத்து ஏறினேன்.

தகரக் கூரை சுட்டது. கம்பத்தைக் கொஞ்சம் திருப்பி, "வந்துச்சா?" என்று கத்தினேன்.

"இல்ல!"

"இப்போ?"

உள்ளே கைதட்டல். டேப்பிலிருந்து கோயில் மணிச் சத்தமும் கேட்டது.

"லூர்து! கைய விடவா?"

"வேணாம்! அப்படியே புடிச்சிக்கிட்டு இருங்க!"

பிடித்துக்கொண்டிருந்தேன், முக்கால் மணி நேரம். தங்கை மோதிரம் மாற்றியதைக் காதால் கேட்டேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது. நான் கையை விட்டால் கல்யாணமே நின்றுபோகுமே!

தோட்டத்து லாரி ஓட்டும் மரியராஜ் கை கழுவ வெளியே வந்தவன், நிமிர்ந்து பார்த்தான்.

"எர்னஸ்ட் அண்ணே, அங்க என்ன பண்றீங்க?"

"பேச்சுக் குடுக்காதப்பா. படம் போயிடும்."

"டேப்புல ஓடுற படத்துக்கு ஏரியல் எதுக்குண்ணே?"

யோசித்தேன். யோசிக்க நிறையவே நேரம் பிடித்தது. பிறகு கையை மெல்ல எடுத்தேன். உள்ளே கல்யாணம் நிற்காமல் நடந்துகொண்டிருந்தது.

எல்லாரும் போன பிறகு, படம் எப்படி வந்தது என்று லூர்துவிடம் கேட்டேன்.

"வீடியோவுல 'இன்'னு போட்ட இடத்துல 'அவுட்' ஒயர மாட்டியிருந்தீங்க. மாத்திச் செருகினேன், வந்திருச்சு."

பெரிய எழுத்தில்தான் போட்டிருந்தது. நாள் முழுக்க ஆங்கிலம் படிக்கிற என் கண்ணில் அந்த இரண்டு சொற்களும் படவே இல்லை.

"அப்புறம் ஏன் என்னைப் புடிச்சிக்கிட்டு நிக்கச் சொன்ன?"

"இறங்கி வந்தா மறுபடியும் ஒயரப் பிடுங்குவீங்களே," என்று சொல்லித் தட்டில் சோறு போட்டாள். கோபப்பட இடம் தேடினேன், கிடைக்கவில்லை. சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் மரியராஜும் கூலிம் டவுனில் ஒரு வீடியோ வாங்கினான். மாட்டித் தர ஆள் வேண்டும் என்று எங்கள் வாசலில் வந்து நின்றான். நான் உடனே சட்டையைப் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

"நீங்க இருங்கண்ணே," என்றான். "அண்ணி வீட்டுல இருக்காங்களா?"