புரண்டு கிடந்த தெரு

இருளாயி மலேரியாக் கொசுவுக்குள் சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். டவுனில் கட்டட வேலை குறைந்துபோனதால் எல்லாரும் அங்கேதான் போனார்கள்.

கொசுவுக்குள் ஒரே தெரு. வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. ஒரு வீட்டில் கண் செய்தார்கள். ஒரு வீட்டில் இறக்கை செய்தார்கள். குழாயடியிலிருந்து மூன்றாவது வீட்டில் குளிர்காய்ச்சல் குடியிருந்தது. பொழுது சாய்வதற்குள் அதன் வாசலைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும். சாய்ந்தால் கொசு கிளம்பிவிடும். இன்றைக்கு அது இருளாயியின் மகள் காளீஸ்வரியிடம் போவதாக இருந்தது.

மேஸ்திரி சூசை இதைக் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"உன் மகதான். மசமசன்னு நிக்காம கல்லத் தூக்கு."

குழாயடிப் பக்கமிருந்து எண்ணுவதுதான் கொத்து வேலைக்காரர் வழக்கம். மூன்றாவது வாசலை எண்ணிக் கட்டினார்கள். கடைசி வரிசை ஏறும்போது உள்ளேயிருந்து ஒருவர் தலையை நீட்டினார்.

"தாயி, நான் கொசுவுக்கு மீசை செய்யுறவன். என்னைய ஏன் வச்சு அடைக்கிறீக?"

"இது காய்ச்சல் வீடு இல்லையா?"

"அது அந்தக் கோடிக்குப் போயிருச்சு. மஞ்ச வீடு நேத்து ரெண்டு எடத்துல உக்காந்துச்சு. நடுவுல இருந்த வீட்டு வரிசையே தலைமாடு கால்மாடாப் புரண்டிருச்சு."

மஞ்சள் வீட்டை எல்லாருக்கும் தெரியும். அதற்கு அஸ்திவாரம் கிடையாது. தோன்றினால் தன்னைப் பெயர்த்துக்கொண்டு போய், வேறு இரண்டு வீட்டுக்கு நடுவே இடித்துக்கொண்டு உட்காரும். சில நாள் இருந்த இடத்திலும் இருக்கும், போன இடத்திலும் இருக்கும்.

சூசை பீடி பற்ற வைத்தார். "அப்ப நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்குப் பாக்க, அது ஒங்க மகளா?"

இருளாயி சுவரை உதைத்தாள். ஈரச் சுவர், விழுந்தது. பாதிக் கல் உடைந்தது. மீதியைச் சும்மாட்டில் அடுக்கிக்கொண்டு நடந்தாள். தெரு நீண்டது. அவளும் நடந்தாள். சூசை கலவைச் சட்டியோடு திட்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

மஞ்சள் வீடு எதிரில் வந்து உட்கார்ந்தது.

"தள்ளு."

"நான் எப்பவும் இங்கனதான் இருக்கேன்," என்றது வீடு.

இருளாயி முன்வாசலில் நுழைந்து, சோறு வடித்துக்கொண்டிருந்தவர்களைத் தாண்டிப் பின்வாசலில் வெளியேறினாள்.

காய்ச்சல் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

"வேலைக்குக் கிளம்பிட்டேன். அப்புறம் வாங்க."

அதை உள்ளே தள்ளினாள். சூசை கல் வைத்தார். அவள் எடுத்துக் கொடுத்தாள். தரை சாய்ந்தது. கொசு பறந்து எதன் மேலோ இறங்கியது. கீழேயிருந்து சூடு ஏறியது. காளீஸ்வரியின் தலை எண்ணெய் வாசனை வந்தது.

"கல்லு தீந்துருச்சு," என்றார் சூசை. வாசலில் ஓர் ஆள் அகலத்துக்குச் சந்து கிடந்தது.

இருளாயி சும்மாட்டை இறக்கி வைத்துவிட்டு அந்தச் சந்தில் போய் நின்றாள். பின்னால் காய்ச்சல் முதுகில் முட்டியது. காலை ஊன்றிக்கொண்டாள்.

"பூசுங்க மேஸ்திரி."

சூசை ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார்.

"எடது தோளு எறங்கியிருக்கு."

அவள் தோளை ஏற்றினாள்.