நைனாவின் நெஞ்சுப் படம்

டாக்டரம்மா இரண்டு எக்ஸ்ரே படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தார். வலது கையில் இருந்தது என்னுடையது. அன்று காலையில் எடுத்தது. இடது கையில் இருந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால் எடுத்த என் அப்பாவின், நான் நைனா என்று கூப்பிடுகிறவரின் படம். மூலையில் அவருடைய டோக்கன் நம்பர், 1147. இரண்டிலும் இடது காறை எலும்பு ஒரே இடத்தில் உடைந்து, ஒரே கோணலாகக் கூடியிருந்தது.

"சித்தார்த்தன், இது யாரோட நெஞ்சு?"

என்னுடையதுதான், வேறு யாருடையது? சுரங்கக் கல்லிலிருந்து தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் எங்கள் ஊரான சாம்பியன் ரீப்ஸில் மலையாக நிற்கும். சயனைட் மேடு என்போம். பத்து வயதில் ஒரு தகரத்தில் உட்கார்ந்து அதில் சறுக்கி, கீழே கிடந்த தண்டவாளத்தில் மோதி உடைத்துக்கொண்ட எலும்பு அது.

அப்பாவின் படத்தில் என் எலும்பு வந்த கதை எங்கள் லைனில், அதாவது கம்பெனி கட்டிக்கொடுத்த வீட்டு வரிசையில், எல்லோருக்கும் தெரியும். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை நெஞ்சுப் படம் எடுப்பார்கள். கல் தூசி நுரையீரலில் படிந்திருந்தால் அன்ஃபிட். அப்புறம் வேலையும் இல்லை, லைன் வீடும் இல்லை. படம் எடுக்கிறவர் டோக்கனைப் பார்ப்பாரே தவிர முகத்தைப் பார்க்கமாட்டார். அதனால் இருமுகிறவர்கள் தங்கள் டோக்கனைக் கொடுத்து இருமாதவனை அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு மாணிக்கராஜ் அண்ணன் ஒரே வாரத்தில் மூன்று பேருக்காக நின்றவர். "என் நெஞ்சி மூணு ஃபைல்ல குந்தினு இருக்குதுடா" என்று சிரிப்பார். நைனா என்னைக் கேட்டபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பதினெட்டு வயது, அறிவுகெட்ட வயது.

இப்போது இருபது. பெங்களூரில் மைனிங் என்ஜினீயரிங் படிக்கிறேன். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் இந்த அறுபத்தேழாம் வருடக் கோடையில் வெளிநாட்டு மாணவர்களை மூன்று மாதத்துக்கு அழைத்திருந்தது. ஆறு வாரம் வகுப்பு, ஆறு வாரம் அவர்களுடைய சுரங்கத்தில் பயிற்சி. எங்கள் கல்லூரிக்கு ஒரே இடம், அது எனக்கு. மருத்துவப் பாரத்தில் டாக்டர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அந்தப் பாரத்தில் வீட்டில் யாருக்காவது நெஞ்சு நோய் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. சுரங்க ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா அதற்காகத்தான் நைனாவின் படத்தைத் தேடி எடுத்திருந்தார்.

"அது எங்க நைனாவோடதுங்க. அவரும் சின்ன வயசுல விழுந்தாருங்க."

"அதே மேட்டுலயா?"

"அதே மேட்டுலதாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் இரண்டு படங்களையும் உறைக்குள் போட்டார். பிறகு நோய் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

நைனா அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நீ இன்னா சொன்ன?"

என் பதிலைக் கேட்டதும் சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமி, துப்பி, அதைத் தண்ணீர் விட்டுத் தள்ளினார்.

"கெட்டிக்காரன்டா. திங்கக்கிழமை ரயில் ஏறு. நீ படிச்சி முடிக்க இன்னும் ஒரு வருசம். அதுவரைக்கும் தாங்கும்."

"தாங்கலைன்னா நைனா?"

"ஏன் தாங்காது? உன் நெஞ்சிதான ஃபைல்ல இருக்குது."

உள்ளே அம்மா ரத்தினம்மா என் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "படுத்தா மூச்சி வர்லன்னு மூணு மாசமா குந்திகினுதான் தூங்குறாரு. நீ பெங்களூர்ல கீற, உனக்கு இன்னா தெரியும்."

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. பெட்டியின் மேலேயே ஜெர்மனியிலிருந்து வந்த பாடப் பட்டியல் கிடந்தது. முதல் வாரம்: சுரங்கத் தூசி, தொழிலாளர் உடல்நலம். இதைப் படிக்கக் கப்பல் ஏறிப் போகிறானாம் ஒருவன்! சீ என்றிருந்தது.

திங்கட்கிழமை என் ரயில் பன்னிரண்டு மணிக்கு. நைனாவுக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிஃப்ட். என்னை ரயிலேற்றிவிட்டு அப்படியே வேலைக்குப் போவதாக இருந்தார். அவர் குளிக்கப் போனபோது ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து பித்தளை டோக்கனை எடுத்தேன். டோக்கன் இல்லாமல் யாரையும் கேஜில், சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டில், ஏற்றமாட்டார்கள். அம்மா பார்த்தாள், தடுக்கவில்லை.

டாக்டரம்மாவின் மேஜையில் டோக்கனையும் அவர் கையெழுத்துப் போட்ட பாரத்தையும் வைத்தேன். "ரெண்டு படமும் என்னோடதுதாங்க. நான் பொய் சொன்னேன்."

அவர் பாரத்தைக் கிழிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கவும் இல்லை. இழுப்பறையில் போட்டு மூடினார். "முதல்ல உங்க அப்பா வரட்டும்."

"வருவாருங்க. டோக்கன் இங்கதான இருக்குது."

அரை மணி நேரத்தில் வந்தார். அம்மாதான் சொல்லியிருக்க வேண்டும். தலை துவட்டாமல், மேடு ஏறிவந்த மூச்சு வாங்க, ஆஸ்பத்திரி வராந்தாவில் என் எதிரே நின்றார். "உன் பொழப்ப நீயே கெடுத்துக்கினியேடா, பாவி!"

"கெடட்டும் நைனா." அழுகை வந்துவிட்டது. "கெட்டா கெடட்டும்."

அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். கை உயர்ந்து பாதியில் இறங்கியது.

டாக்டரம்மா கதவைத் திறந்தார். "முனியப்பன், சட்டையைக் கழட்டிப் பையன்கிட்ட குடுத்துட்டு வாங்க."

நைனா அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். சட்டைக்குள் அவர் இவ்வளவு இளைத்திருந்தது எனக்குத் தெரியாது.

கதவு மூடியது. "தாடையை இதுமேல வைங்க. நல்லா மூச்சு இழுங்க. அப்படியே புடிங்க, அசையாதீங்க." உடனே இருமல். நெடுநேரம் இருமினார்.

"பரவாயில்லைங்க. இன்னொரு தடவை."

மறுபடியும் இருமல்.

மாரிகுப்பத்தில் என் ரயில் கிளம்பும் ஊதல் கேட்டது. அடுத்து எங்கள் ஸ்டேஷன்தான்.

"அவசரமே இல்லைங்க. மெதுவா இழுங்க. ஆங், புடிங்க."

நைனாவின் சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெளியே நானும் மூச்சைப் பிடித்தேன்.