இஸ்திரிப் பெட்டி

செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூன்று மணிக்கு ஆரம்பம். அதற்குள் அப்பாவை எடுத்துவிட வேண்டும் என்று அம்மாவின் அண்ணன் ஜெயவேலு மாமா காலையிலேயே சொல்லிவிட்டார். குவைத்தில் இருக்கும் அண்ணன் கார்த்தி அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் எடுக்க விடமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது என் லேப்டாப். அது பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கேம் ஆடுவதற்கென்றே செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப் அது. இரும்பு மாதிரி கனம். மடியில் வைத்தால் தொடை பொசுங்கும். நான் ஹாலில் உட்கார்ந்து ஆடும்போதெல்லாம் அப்பா அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். "துர்கா, உன் இஸ்திரிப் பொட்டி காஞ்சிடுச்சா? இதக் கொஞ்சம் தேச்சிக் குடு" என்பார். அஸ்தினாபுரம் முழுக்க வயலாக இருந்த காலத்தில் ஏர் பிடித்தவர். சூடானால் அணைந்துபோகிற ஒரு பொருளை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

குரோம்பேட்டையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தனசிங் அண்ணன் போன மாதமே சொன்னார். "உள்ள தூசி அடைச்சிக்கினு கீதும்மா. காத்து போவ வழியில்ல. ரெண்டு நாள் வுட்டுட்டுப் போ, கழட்டி சுத்தம் பண்ணித் தரேன்." இரண்டு நாள் ஆடாமல் இருக்க முடியாது என்று நான் கொடுக்கவில்லை. இருபத்து நான்கு வயதில் இப்படி ஒரு புத்தி. திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார் என்று யாருக்குத் தெரியும்?

கார்த்தியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜெயவேலு மாமாவின் பெண்ணோடு அவனுக்குத் தட்டு மாற்றி நிச்சயம் செய்தார்கள். கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அவன் குவைத்துக்கு விமானம் ஏறிவிட்டான். ஊர் சிரித்தது. அப்பா போனில் அவனிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "இனிமே என் மூஞ்சில முழிக்காத." அண்ணன் பிடிவாதத்தில் அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவன். மூன்று வருஷம் ஊருக்கே வரவில்லை. அம்மாவிடம் பேசுவான், என்னிடம் பேசுவான், அப்பா போனை எடுத்தால் வைத்துவிடுவான். இப்போது வர நினைத்தாலும் முடியவில்லை. பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில் இருந்தது, அதை வாங்க ஒரு வாரம் ஆகுமாம்.

தெருவில் இன்னொரு லேப்டாப் ஸ்ரீரங்கன் சாரிடம் இருந்தது. அவர் அதோடு பெங்களூர் போயிருந்தார். ஆக, என் இஸ்திரிப் பெட்டியை விட்டால் வேறு கதியில்லை.

பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கரண்ட் இல்லை. அப்பாவை வைத்திருந்த ஐஸ் பெட்டி வாடகை ஜெனரேட்டரில் ஓடியது. அந்த ஜெனரேட்டர் ஐஸ் பெட்டிக்கு மட்டும்தான் போதும், பிராட்பேண்ட் ஓடாது. மே மாத வெயில். ஹாலில் நாற்பது பேர். அம்மா பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணாடி மூடியில் துளிர்க்கிற ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் அழவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஐந்துக்குக் கரண்ட் வந்தது. லேப்டாப்பை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவின் தலைமாட்டில் வைத்து, ஒயர் வைத்த வெப்கேமை முகத்துக்கு நேரே பிடித்தேன். பெட்டிக்குப் பின்னால் பெடஸ்டல் ஃபேனை நிறுத்தி, லேப்டாப்பைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். யாஹூ மெசஞ்சரில் படம் மட்டும். பேச்சுக்குச் சித்தப்பா மகன் முகிலன் செல்போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தான்.

"துர்கா, இந்த பிரௌசிங் சென்டர பன்னெண்டரைக்கு மூடிடுவானாம்" என்றான் கார்த்தி. அங்கே பன்னிரண்டரை என்றால் இங்கே மூன்று. எல்லாரும் சேர்ந்து பேசி வைத்த மாதிரி அந்த மூன்று மணி.

கனெக்ட் ஆகவே நான்கு நிமிடம் ஓடியது. அப்புறம் அவன் தெரிந்தான். கறுத்து, இளைத்து, முன்வழுக்கை விழுந்து. குனிந்திருந்தான். "அண்ணா, பாரு, அப்பா" என்றேன். உச்சந்தலைதான் தெரிந்தது. படம் நின்றுவிட்டதோ என்று நினைத்து மௌசை ஆட்டினேன். லேப்டாப்புக்குள் இருக்கும் விசிறி ஓலமிட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கேமில் ஜெயிக்கப்போகிற நேரம் பார்த்து வருகிற சத்தம். பொட்டென்று திரை கறுத்தது.

"இன்னாம்மா ஆச்சி?" என்றார் மாமா.

"சூடாயிடுச்சு மாமா. ஆறட்டும்."

"மணி ரெண்டே கால். பாடை கட்டி ரெடியா கீது. மேளக்காரன் வெயில்ல நின்னுகினு கீறான். ஒருத்தன் இஷ்டத்துக்கு ஓடுவான், அவனுக்கோசரம் நாம காத்துக்கினு கெடக்கணுமா?"

 பதிலுக்குப் பேசினால் வாய்ச்சண்டையாகும். ஒரு செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தேன். இரண்டு இருபத்தைந்துக்கு மறுபடி போட்டேன். இந்தத் தடவை ஐந்தே நிமிடம். மறுபடியும் அவன் உச்சந்தலையைத்தான் காட்டினான். அணைந்தது. இரண்டு நாற்பதுக்கு மூன்றாவது தடவை. விண்டோஸ் வருவதற்குள்ளேயே செத்தது. அடியில் கை வைத்தேன், தோசைக்கல். விசிறி வைத்தும் ஏன் முன்னைவிடச் சீக்கிரம் போகிறது?  பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "போதும்டி, போட்டோ எடுத்து அனுப்பு" என்றார்கள். அம்மா அவளைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் என் கன்னத்தில் அனல் அடித்தது. பெட்டியின் தலைமாட்டில் ஒரு சல்லடைத் தகடு. அதற்குள்ளிருந்து சூடான காற்று வந்துகொண்டிருந்தது. அப்பாவைக் குளிர வைக்கிற மோட்டார் தன் சூட்டையெல்லாம் அங்கேதான் கக்குகிறது. அந்த வாசலுக்கு நேரே லேப்டாப்பை வைத்து, பத்தாததற்கு ஃபேனையும் வைத்து, சூட்டை அதன் மேலேயே தள்ளிவிட்டிருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

நகர்த்தி வைக்கலாம். ஆனால் நாற்காலி, தரை, சுவர் எல்லாமே கொதித்தன. இருபது நிமிடத்தில் ஆறாது. அந்த ஹாலில் குளிர்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கூல் டிரிங்ஸ் பாட்டில்களின் நான்கு மூடிகளைப் பொறுக்கினேன். ஐஸ் பெட்டியின் கண்ணாடியை அப்பாவின் மார்புக்கு நேரே நன்றாகத் துடைத்து, ஒரு காய்ந்த துண்டை விரித்தேன். அடியில் காற்று போக மூடிகளை நான்கு மூலைக்கும் வைத்து, அதன் மேல் லேப்டாப்பை வைக்கப் போனேன்.

"ஏய், ஏய்! இன்னா பண்ற?" மாமா ஓடி வந்தார். "செத்தவரு நெஞ்சு மேல பொட்டியத் தூக்கி வெக்கிறியா? ஜனங்க காறித் துப்பும்!"

"வேற எடம் இல்ல மாமா."

"எடம் இல்லன்னா வுட்டுடு! மணி ரெண்டே முக்கால். எடுங்கப்பா, எடுங்க!"

இரண்டு பேர் முன்னே வந்தார்கள். அம்மா எழுந்தாள். புஷ்பலதா என்கிற என் அம்மா தன் அண்ணனான மாமாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. தட்டு மாற்றிய விஷயத்துக்குப் பிறகு அவர் முன்னால் நிமிர்ந்து நின்றதுகூட இல்லை.

"வைடி" என்றாள் என்னிடம். "உங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இத்தினி நாளா இதக் கரிச்சிக் கொட்டினாரே, இன்னிக்கு ஒத்தாசை பண்ணட்டும்."

வைத்தேன். ஃபேனைக் கால்மாட்டுக்கு மாற்றினேன். கண்ணாடியிலிருந்து ஏறும் சில்லிப்பை லேப்டாப் அடிவழியாக இழுக்க ஆரம்பித்தது. இருந்தாலும் உடனே போடவில்லை. ஐந்து நிமிடம் பொறுத்தேன். அந்த ஐந்து நிமிடமும் மாமா வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

இரண்டு ஐம்பத்தொன்று. பட்டனை அழுத்தினேன். விண்டோஸ் வந்தது. யாஹூ வந்தது. கார்த்தி வந்தான். உள்விசிறி ஓலமிடவில்லை, சாதுவாகச் சுற்றியது. வெப்கேமை அம்மா வாங்கி, தன் கையாலேயே அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அப்பாவின் நெற்றியில் பெரிய காசு, மூக்கில் பஞ்சு. அது அவனுக்குத் தெரிவதைத் திரையின் சின்னக் கட்டத்தில் நானும் பார்த்தேன்.

அவன் குனிந்தே இருந்தான்.

"கார்த்தி, லைன் நல்லா இருக்குடா. நிமிந்து பாரு" என்றேன்.

தலையைத் தூக்காமலே சொன்னான்.  "மொதல்லயே லைன் நல்லாத்தான் இருந்துச்சி துர்கா. என்னால முடியல. மூஞ்சில முழிக்காதன்னு சொன்னாரு இல்ல. அதுக்கப்புறம் அவரு வான்னு சொல்லவே இல்ல."

எனக்குச் சூட்டோடு மல்லுக்கட்டத் தெரியும். இதோடு எப்படி மல்லுக்கட்டுவது? "நான் சொல்றேன்டா, பாரு" என்றாள் அம்மா. அவன் தலையை ஆட்டினான். "அவரு சொல்லலம்மா." திரையின் மூலையில் இரண்டு ஐம்பத்தாறு. அவனுக்குப் பின்னால் யாரோ விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருவது தெரிந்தது.

அப்போது செல்போனை முகிலன் கையிலிருந்து யாரோ பிடுங்கினார்கள். ஜெயவேலு மாமா. போச்சு, திட்டித் தீர்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"டேய் கார்த்தி. நான்தான் மாமா பேசறேன்."

திரையில் அந்தத் தலை அப்படியே உறைந்தது.

"உங்கப்பன் உன்ன முழிக்காதன்னு சொன்னது யாருக்கோசரம்? எனக்கோசரம்டா. என் முன்னாடி தலை குனிஞ்சி நின்னாரே, அந்த ரோஷத்துல சொன்னாரு. போன தீவாளிக்கு என்னாண்ட வந்து, 'ஜெயவேலு, அவன வரச் சொல்லட்டா'ன்னு கேட்டாரு. நான்தான் எழுந்து உள்ள பூட்டேன். பதில் சொல்லல." மாமா திரைப் பக்கம் குனிந்தார். "அதுக்கு இப்ப சொல்றேன். வா. வந்து பாரு. நிமிருடா, மாமா சொல்றேன்!"

கார்த்தி நிமிர்ந்தான்.

பார்த்தான். கண் கொட்டாமல் பார்த்தான். படம் விட்டுவிட்டு நகர்ந்தது, வாய் ஒரு பக்கம் கோணியபடி நின்று, அப்புறம் அழுதது. அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தான். அரிசி. தங்கியிருக்கும் கேம்ப் சமையல்கட்டிலிருந்து வாய்க்கரிசிக்கு எடுத்து வந்திருக்கிறான். பார்க்கவே துணியாதவன் அதை மட்டும் மறக்காமல் எடுத்து வந்திருக்கிறான். கொஞ்சம் எடுத்துத் திரையில் அப்பாவின் வாய் தெரியும் இடத்தில் வைத்தான். அது சரிந்து மேஜையில் விழுந்தது. இரண்டாவது தடவையும் வைத்தான். இங்கே அம்மா ஒரு கையால் கேமராவைப் பிடித்தபடி, மறு கையால் கண்ணாடியின் மேல் அதே இடத்தில் அரிசியைப் போட்டாள். மூன்றாவது தடவை அவன் கை திரைக்கு வரும்போது படம் போயிற்று.

லேப்டாப் அணையவில்லை. அங்கே மூடிவிட்டார்கள்.

"பாத்துட்டேம்மா" என்றது செல்போன்.

மணி மூன்றைத் தாண்டி நான்கு நிமிடம். "ராகு காலம் பொறந்துடுச்சே" என்று வாசலில் யாரோ இழுத்தார்கள். மாமா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "எங்க மச்சான எந்த ராகுவும் ஒண்ணும் பண்ணாது. எடுங்கப்பா" என்றார்.

மூடியைத் திறக்க வேண்டும் என்று என்னை நகரச் சொன்னார்கள். லேப்டாப்பை இரண்டு கையாலும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். வாங்கிய நாளிலிருந்து சுட்டுக்கொண்டே இருந்த அதன் அடிப்பக்கம் அன்றைக்குச் சில்லென்று இருந்தது. அப்பாவைத் தொட்டால் இப்படித்தான் இருப்பார். நேற்று சாயங்காலத்திலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.