கலேசா மலையிலிருந்து இறங்கி வந்தாள்

அக்கா, இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

ஆட்டம்மை வந்து எங்கள் மந்தையையே கொன்று குழியில் போட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா? நோய் கண்டது நாலைந்து ஆடுகளுக்குத்தான். ஆனால் ஒன்றுக்கு வந்தாலும் மொத்தமும் போக வேண்டும், அதுதான் இங்கே சட்டம். அன்று ஓர் ஆடு குறைந்தது. கலேசா. கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தால் இங்கே அந்தப் பெயர்தான். தேடிப் பார்த்தோம். "ஓநாய் தின்னிருக்கும்" என்று முதலாளி அப்போஸ்தோலிஸ் மாமா சொல்லிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, நேற்றுக் காலை, வெறும் கொட்டிலின் வாசலில் வந்து நிற்கிறாள். எலும்பும் தோலுமாக, ரோமமெல்லாம் முள்ளாக, பின்னங்காலை இழுத்துக்கொண்டு. எந்தப் பாறை இடுக்கில் விழுந்து கிடந்தாளோ, எப்படி ஏறி வந்தாளோ. போன கோடையில் காட்டுத் தீயிலிருந்தும் இப்படித்தான் தனியாக வந்தாள்.

"அடியே, எங்கடி ஊர் சுத்திட்டு வர்றே? ஓநாய்கூட உன்னை வேணாம்னு துப்பிருச்சா?" என்று மாமா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார். குழி மூடிய நாளிலிருந்து அவர் வாய் திறந்து நான் பார்க்கவில்லை. வயிற்றைத் தடவினார். "டேய் அர்பென், சினையா இருக்காடா! இவ ஒருத்தி போதும், மறுபடி ஆரம்பிச்சிரலாம்."

எனக்கும் உயிர் வந்தது. ஆடு இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்க அனுமதியும் இல்லை.

மதியம் கொட்டிலுக்கு மருந்தடிக்க ஆட்களோடு கால்நடை டாக்டர் கலியோப்பி வந்தார். மறைக்க நேரமில்லை. பார்த்துவிட்டார்.

"ரத்தம் எடுத்துப் பாருங்க, டாக்டரம்மா. அவளுக்கு ஒண்ணுமில்ல" என்றார் மாமா.

"ரத்தம் சுத்தமா இருந்தாலும் விட முடியாதுங்க, ஐயா. கிருமி அவ ரோமத்துல இருக்கும்."

ஆட்கள் நெருங்கியதும் கலேசா பாய்ந்தாள். அந்தக் காலோடு! சரிவில் பாதி தூரம் ஏறிவிட்டாள். ஓடு, ஓடு என்று மனசுக்குள் கத்தினேன், அக்கா. டாக்டர் மேட்டைக் காட்டினார். அதற்கு அந்தப் பக்கம் பக்கத்துப் பட்டிக்காரர் லாம்ப்ரோஸின் மந்தை மேய்கிறது. நோய் எட்டாத மந்தை. அங்கே இவள் போய்ச் சேர்ந்தால் அதற்கும் ஒரு குழி.

மாமா மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கூப்பிட்டார். குரல் உடைந்தது. அது அவர் குரல் என்றே அவளுக்குத் தெரியவில்லை, இன்னும் மேலே போனாள்.

"நீ கூப்பிடுடா" என்றார்.

"மாமா, என்னால முடியாது."

"லாம்ப்ரோஸுக்கு மூணு புள்ளைங்கடா. கூப்பிடு."

தினமும் சாயங்காலம் உப்பு கொடுக்க ஆடுகளைக் கூப்பிட்டு அடிக்கிற விசிலை அடித்தேன். சட்டென்று நின்றாள். காதைத் திருப்பினாள். பிறகு நொண்டிக்கொண்டே, விழுந்து எழுந்து, வேகமாக இறங்கி வந்தாள். டாக்டரின் ஆட்களைத் தாண்டி நேராக என்னிடம். கையில் உப்பு இருக்கும் என்று என் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தாள். உப்பு கொண்டுவர எனக்குத் தோன்றவே இல்லை, அக்கா. வெறும் கையைத்தான் நக்கிக்கொண்டிருந்தாள், அவர்கள் ஊசியோடு வரும்வரை.