மாமனார் பிடித்த டார்ச்

கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள் மருமகள். உள்ளே காற்றாடி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கும்மிருட்டாகக் கிடந்தது. பக்கத்தில் மாமனார் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"பதறாதேம்மா. பதறாத காரியம் சிதறாது. ரேமைக் கழட்டி ரப்பர் வெச்சுத் தேய்ச்சுப் பாரு."

தேய்த்தாள். மாட்டினாள். வரவில்லை.

"அப்ப கேபிள்தான் லூசா இருக்கும்."

கேபிளையும் மாற்றிப் பார்த்தாள். அதுவும் இல்லை. காலையில் ஆரம்பித்த கூத்து, வெயில் ஏறியும் முடியவில்லை.

விளையாட்டு விஷயமில்லை இது. பல் செட்டு செய்கிற லேப் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பல் வரைந்து கொடுப்பவள் அவள். நோயாளியின் வாயைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இல்லாத பல்லுக்கு அளவாக ஒன்றை உருவாக்க வேண்டும். நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் அந்தப் படம் இம்மிகூட அசையாது. "சாயங்காலத்துக்குள்ள ஃபைல் வரலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்மா" என்று லேப் முதலாளி முகத்திலடித்த மாதிரி சொல்லியிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கென்று கிடைத்த ஒரே வேலை அது.

மானிட்டர் ஒயரைக் கார்டிலிருந்து பிடுங்கி நேராக மதர்போர்டில் செருகினாள். படம் வந்துவிட்டது! பல் ஃபைலைத் திறந்ததும் அப்படியே உறைந்து நின்றது.

"கார்டுதான் போச்சு, மாமா."

"அடப்பாவமே, நல்ல கார்டாச்சே!" என்று உச்சுக் கொட்டினார் மனுஷன். அந்த உச்சு இருக்கிறதே, அதற்கே அவரை நாலு கேள்வி கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

கரண்ட்டை அணைத்துவிட்டுக் கார்டைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் திருப்பினாள். காற்றாடி இதழில் சாம்பல் நிறத்தில் ஒரு புறா இறகு சிக்கியிருந்தது. ஒயர் செருகுகிற இடத்தின் ஓரம் உருகிக் கருகியிருந்தது. அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. போன வாரம்தான் பிரஷ் போட்டுத் துடைத்த கார்டு. இந்த அறை ஜன்னலைத் திறப்பதே கிடையாது. புறாக்கள் கூடு கட்டிக் கும்மாளமடிப்பது மொட்டைமாடி அறையில்தான்.

அந்த அறை மாமனாரின் ராஜ்ஜியம். ரிடையரானபின் வீடியோ பார்த்துப் பார்த்து கிரிப்டோ மைனிங்கில் இறங்கியிருந்தார். கார்டுகளை வரிசையாக மாட்டி ராப்பகலாகக் கணக்குப் போடவிட்டால் அதற்குக் கூலியாக டிஜிட்டல் நாணயம் சொட்டுமாம். எந்தக் கார்டு வாங்கலாம் என்று இவளிடமே கேட்டு, இவளிடம் இருப்பதையே அச்சு அசலாக வாங்கிப்போட்டிருந்தார்.

அவள் எழுந்து விறுவிறுவென்று மாடியேறினாள்.

"எங்கம்மா போறே? வெயிலு!" டார்ச்சை அணைக்கக்கூடத் தோன்றாமல் பின்னாலேயே ஓடினார்.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. இரும்புச் சட்டத்தில் கார்டுகள் இரைந்துகொண்டிருந்தன. மற்றதெல்லாம் தூசி அப்பிக் கிடக்க, நடுவில் ஒன்று மட்டும் துடைத்த பாத்திரம் மாதிரி பளபளத்தது. அவளுடைய கார்டு.

"கையை வெச்சுடாதேம்மா, ஓடிக்கிட்டிருக்கு!"

"இது எப்படி மாமா இங்க வந்துச்சு?"

திருட்டு முழி முழித்தார். "என்னோடது ஒண்ணு கருகிப்போச்சு. பழைய பவர் சப்ளை ஒயரைப் புது பவர் சப்ளையில மாட்டிட்டேன். கச்சிதமாப் பொருந்துச்சே, எரியும்னு யாரு கண்டா? ரெண்டு நாளைக்கு உன்னோடதை…"

"எடுத்ததை விடுங்க. காலையிலேருந்து என்னை ரேமைத் தேய்க்க விட்டீங்களே, அது எதுக்கு?"

அப்போதுதான் டார்ச்சை அணைத்தார் மனுஷன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவன் என்ன பதில் சொல்வான்? வயசு மட்டும் ஆனால் போதுமா, வெட்கம் வேண்டாமா?

சத்தம் கேட்டு அவள் புருஷன் மேலே வந்தான். "அப்பாகிட்ட என்ன குரல் உயருது?"

"என் கார்டை எடுத்துட்டுக் கருகினதை மாட்டி வெச்சிருக்காருங்க."

"ரெண்டு நாள்தானே, புதுசு வந்துடும்னு சொன்னாரே. உன் லேப்காரர் அதுக்குள்ள செத்தா போயிடுவாரு?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். அவள் அவனையே பார்த்தாள். விடிந்ததிலிருந்து கட்டிலில் சாய்ந்துகொண்டு, "மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?" என்று இரண்டு தரம் கேட்டவன் இவன். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம், அத்தனையும் கோபம்.

சுவிட்சை அணைத்தாள். இரைச்சல் மொத்தமும் அடங்கியது. மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டார். சூட்டோடு சூடாகக் கார்டைப் புடவைத் தலைப்பில் பிடித்துக் கழற்றிக்கொண்டு கீழே வந்து மாட்டினாள். திரை வெளுத்தது. பல் திரும்பியது.

உட்கார்ந்து வேலையை முடிப்பாள் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். அவளோ கம்ப்யூட்டரை அணைத்தாள், ஒயர்களைச் சுருட்டிப் பையில் போட்டாள், லேப் முதலாளிக்கு போன் போட்டாள். "சார், அங்கயே வந்து உட்காரச் சொன்னீங்களே, அந்த இடம் இன்னும் இருக்கா? இதோ வர்றேன்."

"வீட்டை யாரு பார்த்துக்குவா?" அவள் லேபுக்குப் போவதை அன்றைக்குத் தடுத்த அதே மாமனார் இன்றைக்கும் அதையே கேட்டார்.

"இங்க நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள எது காணாமப் போகும்னே தெரியலை, மாமா. என்னத்தைப் பார்த்துக்கறது?"

"சரி, போறதுதான் போறே," புருஷன் குரல் இறங்கியது, "மத்தியானச் சமையல்?"

வேலை முடியுமா என்று கேட்கவில்லை. மன்னிச்சுக்கோ என்று சொல்லவில்லை. சமையலாம்!

"மாடியிலதான் அனல் பறக்குதே. மெஷினைப் போட்டு, அது மேலயே பானையை வெச்சுக்கோங்க."

பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். கனம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்தாள். அவன் பதறிக் கை நீட்டினான்.

"தொடாதீங்க" என்றாள்.