அண்ணனுக்கு ஒரு ராஜமீன்

வசீலியின் மகளுக்கு ஏழு மாதம். பெயர் ஈவோன். வசீலி அவளை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான்.

போன குளிர்காலத் தொடக்கத்தில், இளம் பனிக்கட்டி உடைந்து பனிவண்டியோடு ஆற்றுக்குள் போன வசீலியின் மூத்த அண்ணன் ஈவோன் கிடைக்கவே இல்லை. அதற்குப் பின் வீட்டில் பிறந்தவள் இவள். வடகோடிப் பனிநாட்டின் குஸ்கோக்விம் ஆற்றங்கரையில் அப்படிப் பிறக்கும் பிள்ளைக்குப் போனவரின் பெயரை வைப்பார்கள். பெயரோடு ஆளும் வந்துவிடுவார். ஆணா பெண்ணா என்றெல்லாம் வருகிறவர் பார்ப்பதில்லை. பிள்ளை தின்றால் அவருக்குப் பசியாறும். வசீலியின் மனைவி ஒலிங்கா பால் கொடுக்கும்போதுகூட, "கடிக்காதீங்க மூத்தாரே" என்று மரியாதை குறையாமல்தான் கத்துவாள்.

மூத்தார் பாலைத் தவிர எதையும் தொடவில்லை என்பதுதான் பிரச்சினை. கஞ்சியைத் துப்பினார். நாய் சால்மன் மீனை வேகவைத்து மசித்துக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உயிரோடு இருந்தபோதும் அதை நாய்க்குத்தான் போடுவார். இப்போது பாலும் குறைந்து, குழந்தையின் கைகள் குச்சியாகிவிட்டன. ஆற்றில் பனி உடைந்ததிலிருந்து தினமும் விடிகாலையில் பூட்ஸ் தடம் ஒன்று, ஈரமாக, ஆற்றிலிருந்து வாசல் வரைக்கும் வந்து நின்றிருக்கும். திரும்பிப் போன தடம் இருக்காது. குழந்தை விழித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"ராஜமீன் கேக்கிறாரு," என்றாள் ஒலிங்கா. "பசியோட வாசல்ல எத்தனை நாள் நிப்பாரு? குடுக்கலன்னா இவளையும் கூட்டிக்கிட்டுப் போயிடுவாரு."

ராஜமீன் என்றால் ராஜ சால்மன். இந்தக் கோடையில் ஆற்றில் அது குறைந்துவிட்டது, பிடிக்கத் தடை.

வசீலி நகரத்துக்குப் போய் மீன் பெர்மிட் அலுவலகத்தில் நின்றான். மேசைக்குப் பின்னால் மாக்ஸி, அவனுடைய தாய்மாமன் மகன். அந்த உறவில் என்ன கிண்டல் செய்தாலும் கோபப்படக் கூடாது என்பது ஊர் வழக்கம். மாக்ஸி அந்த உரிமையை ஒருநாளும் வீணாக்கியதில்லை.

"வா மச்சான். மீன் நாத்தமே இல்ல, குளிச்சியா? வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லியே?"

"ராஜமீன் வேணும்டா. ஒண்ணே ஒண்ணு."

"சாவு விருந்துக்குன்னா ஒண்ணு தரலாம். பொணம் எங்க?"

"ஆத்துல."

"பொணம் இல்லன்னா சாவு சர்ட்டிஃபிகேட் இல்ல. சர்ட்டிஃபிகேட் இல்லாதவன் சாகல. சாகாதவனுக்கு விருந்து வெச்சா அவனே வந்து உக்காந்துருவான்." மாக்ஸி கொஞ்சம் யோசித்தான். "முடியாதவங்களுக்குப் பதிலா இன்னொருத்தர் பிடிக்கலாம்னு ஒரு பெர்மிட் இருக்கு. ஆனா ஆள் உயிரோட இருக்கணும்."

"இருக்காரு. வீட்லதான் இருக்காரு."

"அவரே வந்து பிடிக்கிறதுக்கு என்னவாம்?"

"நடை வரல. பல்லும் இல்ல."

மாக்ஸி சிரிக்கவில்லை. பெயர் வைத்த அன்று குழந்தைக்கு நீர்நாய்த் தோலில் தொப்பி கொண்டுவந்தவன் அவன். அவனுக்கும் இதில் பொய் எதுவும் தெரியவில்லை. பெர்மிட்காரர் ஈவோன், நடமாட இயலாதவர், பதிலாள் வசீலி, ராஜமீன் ஒன்று என்று அடித்து முத்திரை வைத்தான்.

"ஒரு விதி இருக்கு. நீயும் அவரும் ஒரே நாள்ல பிடிக்கக் கூடாது."

"சொல்றேன் அவர்கிட்ட," என்றான் வசீலி. இருவரும் சிரித்தார்கள்.

ஈவோன் உயிரோடு இருப்பதாக அரசாங்கம் முத்திரை போட்டு ஒப்புக்கொண்டாயிற்று. அவருக்கு மீன் பிடிக்கும் உரிமையும் வந்துவிட்டது. அந்தச் செய்தி ஆற்றுக்குப் போய்ச் சேரும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் வெயில் சாயும் நேரத்தில் வசீலி வலையை விட்டு, கொஞ்ச நேரத்தில் இழுத்தான். கனத்தது. சிவந்த முதுகோடு பெரிய ராஜமீன் ஒன்று துள்ளிக்கொண்டு ஏறியது. அதன் வாலின் இரண்டு முனைகளும் வெட்டப்பட்டிருந்தன. ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கென்று பிடிக்கிற மீனை யாரும் விற்றுவிடாமல் இருக்க, பிடித்தவர் அந்த இடத்திலேயே வால் முனையை வெட்ட வேண்டும் என்பது சட்டம். வசீலி இன்னும் கத்தியை எடுக்கவே இல்லை.

வலையை மடிக்கத் தோன்றாமல் அவன் உட்கார்ந்திருந்தபோது, காவல் படகு பக்கத்தில் வந்து நின்றது. அதிகாரி பெர்மிட்டைப் பார்த்தார், மீனைப் பார்த்தார்.

"வால் வெட்டிட்டீங்களா? நல்லது. நிறையப் பேரு மறந்துடுறாங்க."

"நான் வெட்டல சார்."

"பின்ன யாரு?"

"பெர்மிட்காரர்."

அதிகாரி வசீலியின் படகு முனையைப் பார்த்தார். அங்கே எதுவும் இல்லை. ஆனாலும் முனை ஒரு சாண் தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தது. அவருடைய கண் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"அப்ப இது அவரு பிடிச்ச மீன். இன்னிக்கு நீங்க பிடிக்க முடியாது, வலைய சுருட்டிக்குங்க." பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்தார். குரல் இறங்கியிருந்தது. "ஐயா ரொம்ப நனைஞ்சிருக்காரு. சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க."

வசீலி கரை சேரும் வரை முன்பக்கம் பார்க்கவில்லை.

ஒலிங்கா வயிற்றுப் பக்கத்துக் கொழுப்புத் துண்டை வேகவைத்து, மசித்து, விரல் நுனியில் எடுத்துக் குழந்தையின் நாக்கில் வைத்தாள். குழந்தை துப்பவில்லை. விரலையும் சேர்த்துச் சப்பியது. இன்னொரு வாய். இன்னொன்று. தட்டு காலியானதும் பெரிய மனுஷ ஏப்பம் ஒன்று விட்டது.

ஒலிங்கா அழுதாள். வசீலி மகளைத் தூக்கப் போனான். ஒரு கையால் முடியவில்லை. இரண்டு கையையும் கொடுத்து, மூச்சுப் பிடித்துத்தான் தூக்கினான்.

"கதவைத் தாழ் போடவா?" என்றாள் ஒலிங்கா.

"போடு," என்றான் வசீலி. "எல்லாரும் உள்ள வந்தாச்சு."