கதவு வரைக்கும் உள்ள தூரம்

கேமராக்காரர் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட அன்று பிற்பகல் அந்த வீட்டின் நடைவழி நீண்டுபோனது. அதற்கு முன்பு, கூடத்திலிருந்து பின்னறைக்கு ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் நடுவில் போய்விடலாம். அன்றைக்கு அவருடைய மனைவி தேநீர்க் கோப்பையோடு புறப்பட்டாள். தேநீர் ஆறி, ஆடை படிந்து, சுவரில் விழுந்திருந்த வெயில் மஞ்சளாகி மறையும்வரை நடந்தும் கதவு எட்டவில்லை. நடக்க நடக்கக் கதவு பெரிதாகிக்கொண்டுதான் வந்தது, கிட்டே வரவில்லை. சரி, போதும் என்று திரும்பினாள். திரும்புவதற்கு மட்டும் நாலு எட்டு போதுமாக இருந்தது.

அவளுக்குப் படங்களுக்கு ஒலி அமைக்கும் வேலை. படக் குழுவில் எல்லோரும் சவுண்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான நாள் முதலாகப் புருஷன் பிடித்த படத்துக்கெல்லாம் அவள்தான் ஒலி. அன்றைய சண்டைக்குக் காரணமான காட்சி பார்த்தால் ஒன்றுமே இல்லை: ஒரு பெண் நடைவழியில் நடந்து ஒரு கதவை நோக்கிப் போகிறாள், அவ்வளவுதான். செட் போட வசதியில்லாத இயக்குநர் இவர்கள் வீட்டு நடைவழியையே கேட்டு வாங்கிக்கொண்டார். கேமராக்காரர் தண்டவாளம் போட்டு, நகர்கிறது என்று யாருக்கும் தெரியாத வேகத்தில் கேமராவை நகர்த்தினார். முதலில் நடிகையின் முழு உருவம், பிறகு தோள், பிறகு காது மடலில் ஒரு வியர்வைத் துளி. தாழ்ப்பாளைக் கீழேயிருந்து ஒரு மலையைக் காட்டுவதுபோல் காட்டினார். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கடைசிவரை காட்டவில்லை. அதற்குச் சவுண்டம்மா ஒலி சேர்த்தாள் என்பதைவிட ஒலியைக் கழித்தாள் என்பதுதான் சரி. முதலில் தெருவை எடுத்தாள். பிறகு குருவியை. பிறகு மின்விசிறியை. ஒவ்வொன்றாக உதிர உதிர, பார்ப்பவர்கள் தங்களை அறியாமலே நாற்காலி நுனிக்கு வந்து காதைத் தீட்டிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து, காதுக்குக் கேட்பதற்கு முன்னால் அடிவயிற்றுக்குக் கேட்கிற ஒரு முனகலை அடியில் விட்டாள். அதன்மேல் வெறுங்கால் தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தம். அதையும் எடுத்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு மூச்சு.

படம் வெளியான அன்று ஒரு போலீஸ் அதிகாரி பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பிடித்தவர், இடைவேளை விட்ட பிறகும் விடவில்லை. பத்திரிகைகள் கேமராவைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின. பாராட்டு விழா மேடையில் கேமராக்காரர், "ஊரையே பயமுறுத்திட்டேன்" என்றார். சவுண்டம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அந்த 'டேன்' என்பதைக் கேட்டாள். மறுநாள் சாப்பிடும்போதுதான் சொன்னாள்.

"சத்தத்தை எடுத்துட்டா அது வெறும் கதவுங்க."

"கதவே இல்லைன்னா நீ எதுக்குச் சத்தம் போடுவே?" என்றார் அவர்.

அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பேச்சு பேச்சோடு நிற்காமல், யாருக்காக யார் எதை விட்டுக்கொடுத்தது என்கிற பழைய கணக்கெல்லாம் கிளறப்பட்டது. அவர் பாதிச் சோற்றில் எழுந்து பின்னறைக்குப் போனார். அவள் தட்டட்டும் என்று அவர் உள்ளே இருந்தார். அவர் திறக்கட்டும் என்று அவள் வெளியே இருந்தாள். மாலையில் மனம் இளகி அவள் தேநீர் எடுத்துக்கொண்டு போனபோதுதான் நடைவழி நீண்டிருந்தது. காட்சியில் வைத்த முனகலும் அங்கேயே தங்கியிருந்தது.

வருடங்கள் போயின. பின்னறைக்குக் கொல்லைப்பக்கம் ஒரு வாசல் இருந்ததால் கேமராக்காரர் அந்த வழியாக வேலைக்குப் போய்வந்தார், ஒரு அடுப்பு வாங்கிச் சமைத்துக்கொண்டார். கொல்லையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்டவர்களிடம் சவுண்டம்மா, "வீட்டுக்குள்ள இருக்கிற மனுஷனைத் தெருவழியாப் போய்ப் பார்க்கணுமா?" என்றாள். நடைவழியை அளக்க வந்த நகராட்சி ஆளுக்கு நாடா தீர்ந்துபோனது. இயக்குநர் ஒருமுறை ஆசைப்பட்டு நடந்து பார்த்தார். தாடியோடு திரும்பி வந்து, "கிளைமாக்ஸே இல்லம்மா" என்று சோர்ந்து உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தார் முனகலுக்குப் பழகிவிட்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரி, அது ஏறும்போது மட்டும் ஊசியைத் தூக்கிவைத்துக்கொண்டு, இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து தைப்பாள். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகள் வந்தால் பாதி நாள் அம்மாவோடும் பாதி நாள் கொல்லைப்பக்கமாகப் போய் அப்பாவோடும் இருந்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே அழுகையை அழுதுவிட்டுப் போவாள்.

ஒரு விஷயத்தைச் சவுண்டம்மா யாரிடமும் சொல்லவில்லை. வழிதான் நீண்டதே தவிர, சத்தம் பழைய தூரத்திலிருந்தே வந்தது. அவர் இருமுவது, செருப்பைக் கழற்றுவது, தூக்கத்தில் புரள்வது எல்லாம் காதோரம் கேட்டன. அவள் வளையல் சத்தமும் அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். ஒரு வார்த்தை போதும். இரண்டு பேரும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னறையில் கரண்டி ஒன்று டம்ளரின் விளிம்பைத் தேடுகிற சத்தம் கேட்டது. டம்ளரின் பக்கவாட்டில் பட்டது, மேசையில் பட்டது, மறுபடி பக்கவாட்டில். பிறகு உள்ளங்கை ஒன்று சுவரை உரசிக்கொண்டே போனது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அப்போதுதான் உறைத்தது: விளக்கு சுவிட்சைத் தட்டுகிற சத்தம் பின்னறையிலிருந்து கேட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது. வேலைக்குப் புறப்படும் சத்தமும்தான். பார்வை போனதை மகளிடம்கூடச் சொல்லாமல் மறைத்திருக்கிறார்.

அவள் கையைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல் நடைவழியில் இறங்கினாள். முன்பு நடந்து பார்த்தபோதெல்லாம் ஆனதுபோலவே முதலில் தெருச் சத்தம் போனது. பிறகு குருவி, பிறகு மின்விசிறி. எல்லாம் அவளே செய்து வைத்த வேலை. எந்த இடத்தில் எது போகும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய கை பக்கத்தில் மிகப் பெரிதாகத் தெரிந்தது, நகக்கண்ணில் ஒட்டியிருந்த காய்த்தோல்வரை. தாழ்ப்பாள் மலைபோல் எழுந்து நின்றது. முனகல் ஏறியது. அந்தக் கதவுக்குப் பின்னால் பயப்பட எதுவும் இல்லை. தன்னை வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான். பயத்துக்கு அது போதுமாக இருந்தது. அவள் மூச்சு மட்டும் கேட்கிற இடம் வந்தபோது, காட்சியில் நடிகை செய்யாத ஒன்றைச் செய்தாள். வாயைத் திறந்தாள்.

"என்னங்க, நான்தான். வந்துக்கிட்டிருக்கேன்."

உள்ளங்கை ஒன்று கதவைத் தடவிக்கொண்டு வந்தது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. தொலைவில், தீக்குச்சி உயரத்துக்கு அவர் நின்றுகொண்டிருந்தார், ஒரு கையைச் சுவரில் ஊன்றியபடி.

"எங்க இருக்கே?" என்றார். குரல் தோளுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

"ரொம்பத் தூரத்துல."

"கிட்டக் கேக்குதே."

"அப்படித்தான் கேக்கும். கண்ணு எப்போலேர்ந்து?"

அவர் சுவரைத் தடவிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் வந்ததும் நின்று, "நீ சொன்னது சரிதான். இப்போ கதவும் இல்லை, ஒண்ணும் இல்லை. வெறும் சத்தம்தான். பயமா இருக்கு" என்றார்.

"எனக்கு நீங்க தெரியறீங்க. சின்னதா, தனியா. சத்தமே இல்லாட்டியும் எனக்குப் பயமாத்தான் இருக்கும்" என்றாள் அவள். "பேசிக்கிட்டே வாங்க. வலது பக்கம் சுவர் வளையுது, பார்த்து."

அவர் பேசிக்கொண்டே வந்தார். விட்டுப்போன வருடங்களில் எடுத்த படங்களை, திட்டிய இயக்குநர்களை, உப்புப் போட மறந்த குழம்புகளைப் பற்றி. அவள் வழி சொல்லிக்கொண்டே போனாள். விடியும் நேரத்தில் அவர் நீட்டிய கை அவள் முகத்தில் பட்டது. முகத்தை முழுவதும் தடவிப் பார்த்துவிட்டு, "மெலிஞ்சிட்டே" என்றார். "உங்க கை பெருசாயிடுச்சு" என்றாள்.

நடைவழி குறுகவில்லை. இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டிருந்தது. எந்தப் பக்கம் போனாலும் நாள் முழுக்க நடக்க வேண்டும், திரும்பும் வழியும் இப்போது பழையபடி சுருங்குவதாக இல்லை. அதனால் சந்தித்த இடத்திலேயே தங்கினார்கள். மகள் ஒரு பக்கத்திலிருந்து கட்டிலையும் மறுபக்கத்திலிருந்து அடுப்பையும் ஆள் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தாள். முனகல் இரவில் சற்றுத் தணிந்து, தூங்க வசதியாகவே இருக்கிறது. அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் காலையில் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் விளக்கேற்றும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தூரம் ஒன்றுதான்.